3,500 எம்பி வேகமும் 300 பக்கப் புத்தகமும்

என் மேசைக் கணினி இன்டெலின் நான்காம் தலைமுறை ஐ5 செயலியும் பி85 மதர்போர்டும் கொண்டது. நினைவகம் 16 ஜிபி, இயங்குதளம் டெபியன் லினக்ஸ். பழைய தமிழ்ப் புத்தகங்களை வருடி (ஸ்கேன் செய்து), பக்கங்களைத் திருத்தி, டெசராக்ட் என்ற மென்பொருள் கொண்டு எழுத்துணரி வேலை (படத்தில் உள்ள எழுத்துகளை உரையாக மாற்றுவது) செய்வதுதான் அதன் முக்கியப் பணி. ஏ4 அளவில் ஒரு பக்கத்தை 300 டிபிஐ (அங்குலத்துக்கு 300 புள்ளி) தெளிவில் வண்ணமாக வருடினால், சுருக்காத டிஃப் கோப்பு 26 எம்பி வரும். முந்நூறு பக்கப் புத்தகம் ஒன்று ஏறத்தாழ 7.8 ஜிபி. இதோடு வெட்டிய பக்கங்கள், கறுப்புவெள்ளைப் பிரதிகள், பக்கத்துக்கொரு உரைக்கோப்பு என்று சேர்ந்தால் ஒரு நூலே 15 ஜிபியை விழுங்கிவிடும்.

இந்தக் கணினியில் ஒரு ஹார்டு டிஸ்க்கும், சாட்டா என்ற பழைய இணைப்பில் ஓடும் ஓர் எஸ்எஸ்டியும் (சுழலும் தட்டுக்குப் பதில் ஃபிளாஷ் சில்லுகளில் சேமிக்கும் டிரைவ்) இருந்தன. எஸ்எஸ்டி நிரம்பி வழிந்தது. புதிதாக ஒன்று வாங்கித்தான் ஆகவேண்டும் என்ற நிலையில், அதே சாட்டாவா, அல்லது அட்டைப் பெட்டியில் நொடிக்கு 3,500 எம்பி என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கும், அதைவிடப் புதிய என்விஎம்இ வகையா என்ற கேள்வி வந்தது. 1 டிபி அளவில் இரண்டுக்கும் விலை வித்தியாசம் பெரிதாக இல்லை. மதர்போர்டில்தான் என்விஎம்இயைச் செருகும் எம்.2 ஸ்லாட்டே கிடையாது. இருந்தாலும் என்விஎம்இயே வாங்கினேன். வேகத்தை நம்பி வாங்கினேன் என்பதைவிட, அந்த எண்ணில் என் வேலைக்கு எவ்வளவு வந்து சேர்கிறது என்று அளந்து பார்க்கும் ஆசையில் வாங்கினேன் என்பதே சரி.

சாட்டாவின் கதை எளிது. மூன்றாம் பதிப்பின் வேகம் நொடிக்கு 6 ஜிகாபிட். ஒவ்வொரு 8 பிட்டுக்கும் 10 பிட் அனுப்பும் குறியீட்டு முறை என்பதால் பயனுக்கு வருவது நொடிக்கு 600 எம்பி. நடைமுறையில் 550ஐத் தாண்டாது. உள்ளே இருக்கும் ஃபிளாஷ் சில்லுகள் எவ்வளவு வேகமாக இருந்தாலும் வாசல் அவ்வளவுதான். அந்த வாசலைக் கடக்கும் ஏஹெச்சிஐ முறை சுழலும் தட்டுகளின் காலத்தில் வகுத்தது: ஒரே வரிசை, அதில் 32 கட்டளைகள். 2011இல் வெளிவந்த என்விஎம்இ, ஃபிளாஷுக்காகவே எழுதிய முறை. அது 64,000க்கும் மேற்பட்ட வரிசைகளை அனுமதிக்கிறது, ஒவ்வொன்றிலும் அதே அளவு கட்டளைகள். செயலியின் ஒவ்வொரு கருவும் தனக்கென ஒரு வரிசை வைத்துக்கொண்டு டிரைவோடு நேரடியாகப் பேசலாம். பாதையும் வேறு: பிசிஐ எக்ஸ்பிரஸ். அதன் மூன்றாம் தலைமுறையில் ஒரு தடம் நொடிக்கு ஏறத்தாழ 985 எம்பி சுமக்கும். நான்கு தடங்கள் சேர்ந்தால் 3,900 சொச்சம். பெட்டியில் போட்டிருக்கும் 3,500 இங்கிருந்து வருகிறது.

அட்டையும் திருகாணியும்

ஸ்லாட் இல்லாத மதர்போர்டுக்கு வழி ஓர் இணைப்பு அட்டை. பிசிஐ எக்ஸ்பிரஸ் ஸ்லாட்டில் செருகும் சின்னப் பலகை; அதன் முதுகில் எம்.2 டிரைவ் படுத்துக்கொள்ளும். அட்டையில் மூளை எதுவும் இல்லை. கம்பித் தடங்களை ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குக் கொண்டுபோவதும், 3.3 வோல்ட் மின்சாரத்தை ஒழுங்காகத் தருவதும்தான் அதன் வேலை. அதனால் விலை சில நூறு ரூபாய்க்குள் முடிந்துவிடும். சென்னையின் மின்னணுச் சந்தையான ரிச்சி தெருவில் கேட்டபோது கடைப் பையன் விலை சொல்வதற்கு முன்பு ஒரு கேள்வி கேட்டான்: "அண்ணா, உங்கள் டிரைவில் எத்தனை வெட்டு?"

சரியான கேள்வி. எம்.2 என்பது வடிவத்தின் பெயர்தான். அதே வடிவத்தில் சாட்டா டிரைவும் வரும், என்விஎம்இ டிரைவும் வரும். தங்கப் பற்கள் இருக்கும் ஓரத்தில் ஒரே வெட்டு இருந்தால் பெரும்பாலும் என்விஎம்இ. இரண்டு வெட்டு இருந்தால் பெரும்பாலும் சாட்டா. இரண்டு வெட்டோடு வந்த சில பழைய, இரட்டைத் தட என்விஎம்இ டிரைவ்களும் உண்டு என்பதால் வெட்டை மட்டும் நம்பாமல் ஒட்டியிருக்கும் தாளையும் படிப்பது நல்லது. கடையில் இரண்டு எம்.2 இடங்கள் உள்ள அட்டையும் இருந்தது. அதில் இரண்டு என்விஎம்இ போடலாம் என்று நினைத்து வாங்குகிறவர்கள் அதிகம். உண்மையில் ஓர் இடம்தான் பிசிஐ எக்ஸ்பிரஸோடு இணைந்தது. மற்றது சாட்டா டிரைவுக்கானது, அதற்குத் தனியாக ஒரு சாட்டா கம்பியை மதர்போர்டிலிருந்து இழுக்கவேண்டும். எனக்கு ஒற்றை இட அட்டை போதும்.

டிரைவின் அளவு 2280. அகலம் 22 மில்லிமீட்டர், நீளம் 80 மில்லிமீட்டர் என்று பொருள். சாய்வாக நுழைத்து, பற்கள் கண்ணில் படாத அளவுக்கு உள்ளே தள்ளிவிட்டுக் கையை எடுத்தால், டிரைவ் தானாக வாலைத் தூக்கிக்கொண்டு நிற்கும். அது பழுதல்ல, அதன் வில்விசையே அப்படி. வாலை அழுத்திப் பிடித்தபடி, அரைவட்டப் பள்ளத்தில் ஒரு திருகாணியை முடுக்கவேண்டும். மூக்குக் கண்ணாடித் தண்டில் இருக்கும் திருகாணியைவிடச் சற்றே பெரியது. தரையில் விழுந்தால் துடைப்பத்தோடுதான் தேடவேண்டும். காந்த முனைத் திருப்புளி இல்லாமல் இந்த வேலையில் இறங்கவேண்டாம். இன்னொன்று, வெப்பத்தைக் கடத்தும் ரப்பர் பட்டையின் இரண்டு பக்கமும் மெல்லிய பிளாஸ்டிக் தாள் ஒட்டியிருக்கும். ஒரு பக்கத்து நீலத்தாள் கண்ணில் படும். மறுபக்கத்தில் இருப்பது நிறமில்லாதது. நகத்தால் ஓரத்தைச் சுரண்டிப் பார்த்தால்தான் தெரியும். அதை உரிக்காமல் அலுமினியத் தகட்டை மேலே வைத்தால் வெப்பம் வெளியேறாமல் சில்லுகளிடமே தங்கிவிடும்.

ஸ்லாட் தேர்வுக்கு ஒரு டார்ச் விளக்கு தேவைப்பட்டது. இந்த மதர்போர்டில் நீளமான ஸ்லாட்கள் இரண்டு. வெளியே பார்க்க இரட்டைப் பிள்ளைகள். உள்ளே வெளிச்சம் அடித்துப் பார்த்தால் முதல் ஸ்லாட்டில் கடைசி வரை உலோகத் தொடுமுனைகள் இருக்கின்றன. இரண்டாவதில் தொடக்கத்தில் கொஞ்ச தூரம் மட்டும் இருந்து, பிறகு வெறும் பிளாஸ்டிக். முதலாவது நேரே செயலியிலிருந்து வரும் மூன்றாம் தலைமுறைப் பாதை, 16 தடங்கள். இரண்டாவது பி85 சில்லின் வழியாகச் சுற்றி வரும் இரண்டாம் தலைமுறைப் பாதை, நான்கே தடங்கள், ஒவ்வொன்றும் 500 எம்பி. முதல் ஸ்லாட்டில் என் இரண்டு திரைகளுக்கான பழைய கிராஃபிக்ஸ் அட்டை உட்கார்ந்திருக்கிறது. அதைக் கழற்றினால் டிரைவுக்கு முழு வேகம்; கழற்றாவிட்டால் பாதி. இரண்டையும் அளந்து பார்த்துவிட்டு முடிவு செய்யலாம் என்று முதலில் இரண்டாவது ஸ்லாட்டில் செருகினேன்.

பயாஸுக்குத் தெரியாத டிரைவ்

கணினியை இயக்கியதும் பயாஸ் (கணினியைத் துவக்கிவிடும், பலகையிலேயே உள்ள மென்பொருள்) காட்டும் பட்டியலில் புதிய டிரைவ் இல்லை. எதிர்பார்த்ததுதான். என் மதர்போர்டு வந்த காலத்துப் பலகைகள் பலவற்றின் யூஇஎஃப்ஐ மென்பொருளில், அதாவது பயாஸின் புதிய வடிவத்தில், என்விஎம்இ இயக்கி (டிரைவோடு பேசும் நிரல்) கிடையாது. அதனால் அவற்றால் அந்த டிரைவிலிருந்து துவங்க முடியாது. லினக்ஸ் உள்ளே போனதும் டிரைவ் அழகாகத் தெரிந்தது. லினக்ஸின் மையமான கெர்னலில் என்விஎம்இ இயக்கி 2012இலேயே சேர்ந்துவிட்டது.

லினக்ஸுக்கு இதில் ஒரு வசதி. துவக்கத்தின் முதல் கட்டங்களை மட்டும் பழைய சாட்டா எஸ்எஸ்டியில் விட்டுவிட்டால் போதும். பயாஸ் அங்கிருந்து கிரப் என்ற துவக்கியை எடுக்கும். கிரப் அங்கிருந்தே கெர்னலையும் தொடக்கநிலைக் கோப்புத் தொகுப்பையும் நினைவகத்தில் ஏற்றும். அதன் பிறகு எல்லாம் கெர்னல் பாடு. அது தன் சொந்த இயக்கியைக் கொண்டு என்விஎம்இ டிரைவைத் திறந்து, மூலக் கோப்புமுறையை அங்கிருந்து ஏற்றிக்கொள்ளும். பயாஸுக்கு அப்படி ஒரு டிரைவ் இருப்பதே தெரியாமல் வேலை நடந்துவிடும். விண்டோஸில் இது இவ்வளவு எளிதல்ல. அதன் துவக்கி, மையக் கோப்புகளைப் படிக்க பயாஸின் உதவியையே நம்பியிருக்கிறது. அங்கே குளோவர் போன்ற ஒரு துவக்கியைப் பென்டிரைவில் வைத்து அதன் வழியாக என்விஎம்இ இயக்கியை ஏற்றவேண்டும், அல்லது பயாஸ் கோப்பிலேயே இயக்கியைச் செருகி மீண்டும் எழுதவேண்டும். இரண்டாவது வழியில் கை தவறினால் பலகையே செங்கல்லாகிவிடும். ஆகவே பழைய பலகையில் விண்டோஸ் வைத்திருப்பவர்கள், என்விஎம்இயை வேலைக்கோப்புகளுக்கு மட்டும் வைத்துக்கொள்வது நல்லது.

செய்த வேலை இதுதான். டிரைவில் 1 மெபிபைட் எல்லையிலிருந்து ஒரே பகிர்வு (பார்ட்டிஷன்), அதில் எக்ஸ்ட்4 கோப்புமுறை. பென்டிரைவிலிருந்து நேரலை லினக்ஸைத் துவக்கி, ஆர்சிங்க் என்ற நகலெடுக்கும் கருவி கொண்டு மூலக் கோப்புகளை உரிமைகளோடும் இணைப்புகளோடும் நகலெடுத்தேன். துவக்க அடைவு சாட்டாவிலேயே இருந்தது. எந்தப் பகிர்வை எங்கே ஏற்றுவது என்று சொல்லும் ஏற்றப்பட்டியலில் பழைய அடையாள எண்ணை எடுத்துவிட்டுப் புதியதை எழுதி, தொடக்கநிலைத் தொகுப்பை மீண்டும் உருவாக்கி, கிரப்பைப் புதுப்பித்ததும் கணினி முதல் முயற்சியிலேயே எழுந்தது. வாராந்திர டிரிம் நேரங்காட்டியையும் இயக்கி வைத்தேன். அழித்த கோப்புகளின் இடம் காலி என்று டிரைவுக்குச் சொல்லாவிட்டால், அது குப்பையையும் பொக்கிஷமாக நினைத்துச் சுமந்துகொண்டே இருக்கும்.

எல்லாம் முடிந்தது என்று எழுந்து சாப்பிடப் போய்த் திரும்பினால், எந்தக் கட்டளை கொடுத்தாலும் உள்ளீட்டுப் பிழை. கோப்புமுறை படிக்க மட்டும் என்ற நிலைக்கு மாறியிருந்தது. பதிவேட்டில் டிரைவின் கட்டுப்படுத்தி பதில் தரவில்லை, மீட்டமைக்கிறேன் என்று கெர்னல் புலம்பியிருந்தது. வேலை கொடுத்தால் ஒழுங்காக ஓடுகிறது, சும்மா விட்டால் செத்துவிடுகிறது என்றால் மின்சேமிப்பைத்தான் சந்தேகிக்கவேண்டும். என்விஎம்இ டிரைவ்கள் வேலையில்லாதபோது தாமாகவே படிப்படியாக ஆழ்ந்த உறக்கத்துக்குப் போகும். லினக்ஸ் இதை 2017இல் 4.11 பதிப்பிலிருந்து பயன்படுத்துகிறது. சில டிரைவ், பலகை ஜோடிகளில், உறங்கிய டிரைவ் மீண்டும் எழுவதில்லை. துவக்க வரியில் என்விஎம்இ உறக்கத்துக்கான தாமத வரம்பைப் பூஜ்யமாக்கி எழுதியதும் தொல்லை தீர்ந்தது. உறக்கம் இல்லாததால் கொஞ்சம் மின்சாரம் கூடுதலாகப் போகும். மடிக்கணினி என்றால் யோசித்திருப்பேன். மேசைக் கணினிக்கு அது ஒரு பொருட்டல்ல.

அளந்ததும் கிடைத்ததும்

ஒவ்வொரு அளவீட்டுக்கு முன்பும் நினைவகத் தேக்கத்தைக் காலி செய்தேன். இல்லாவிட்டால் இரண்டாம் முறை படிக்கும்போது லினக்ஸ் கோப்பை நினைவகத்திலிருந்தே நீட்டிவிடும். டிரைவை அளக்கிறோம் என்று நினைத்து நினைவகத்தை அளந்துகொண்டிருப்போம். இணையத்தில் நம்பமுடியாத எண்களைப் போடுகிறவர்கள் பலரும் இந்த இடத்தில்தான் சறுக்குகிறார்கள்.

தொடர்ச்சியாகப் படிக்கும் வேகம், ஹார்டு டிஸ்க்கில் 150 எம்பியை ஒட்டி. சாட்டா எஸ்எஸ்டியில் 520. என்விஎம்இ இரண்டாவது ஸ்லாட்டில் 1,600. கிராஃபிக்ஸ் அட்டையைக் கழற்றி முதல் ஸ்லாட்டுக்கு மாற்றியபோது 3,400. பெட்டி பொய் சொல்லவில்லை.

அடுத்து எஃப்ஐஓ கருவியில் வேறோர் அளவு: கண்ட கண்ட இடங்களிலிருந்து 4 கேபி துண்டுகளாக, ஒன்று வந்தபின் அடுத்ததைக் கேட்பது. கணினி துவங்குவதும், ஒரு நிரல் திறப்பதும், ஆயிரம் சின்னக் கோப்புகளைத் துழாவுவதும் பெரும்பாலும் இந்த மாதிரியான வேலை. 7,200 சுற்று ஹார்டு டிஸ்க்கில் தட்டு ஒருமுறை சுழல 8.3 மில்லிநொடி. சராசரியாகப் பாதிச் சுற்று காத்திருக்கவேண்டும். அதோடு தலை நகரும் நேரம். மொத்தம் 12 மில்லிநொடிக்கு மேல். ஆக நொடிக்கு எண்பது கோரிக்கைகள், அதாவது 0.3 எம்பி. சாட்டா எஸ்எஸ்டியில் அதே அளவு 30 எம்பியைத் தொட்டது. ஒரே தாவலில் நூறு மடங்கு. ஹார்டு டிஸ்க்கிலிருந்து எஸ்எஸ்டிக்கு மாறியவர்கள் கணினிக்கு மறுபிறவி என்று சொல்வது இந்தத் தாவலைத்தான்.

என்விஎம்இயில்? 48 எம்பி. சாட்டாவைப் போல ஒன்றரை மடங்கு, அவ்வளவுதான். இரண்டாவது ஸ்லாட்டில் இருந்தாலும் முதல் ஸ்லாட்டில் இருந்தாலும் ஏறக்குறைய அதே எண்.

காரணம் ஃபிளாஷ் செல்லிடம் இருக்கிறது. 4 கேபியை நான்கு தடத்தில் அனுப்ப மைக்ரோநொடிகளே போதும். ஆனால் ஒரு செல்லில் மூன்று பிட்களை அடைத்து வைத்திருக்கும் டிஎல்சி ஃபிளாஷில் மின்னழுத்தத்தை உணர்ந்து படிக்கவே பல பத்து மைக்ரோநொடிகள் ஆகும். பாதையை எவ்வளவு அகலப்படுத்தினாலும் அந்தக் காத்திருப்பு குறையாது. அகலப் பாதையின் பலன், ஒரே நேரத்தில் பல கோரிக்கைகள் பல சில்லுகளுக்குப் போகும்போதுதான் தெரியும். 32 கோரிக்கைகளை வரிசையில் நிறுத்திச் சோதித்தபோது சாட்டா 400 எம்பிக்குள் முட்டிக்கொண்டு நின்றது. என்விஎம்இ ஆயிரத்தைத் தாண்டியது. வீட்டுக் கணினியில் அந்த அளவுக்கு வரிசை நிற்பது அபூர்வம். இன்றைய பிசிஐ எக்ஸ்பிரஸ் ஐந்தாம் தலைமுறை டிரைவ்கள் தொடர்ச்சியாகப் படிப்பதில் 14,000 எம்பியைத் தொடுகின்றன. ஆனால் இந்த ஒற்றைக் கோரிக்கை எண் அவற்றிலும் அதே விகிதத்தில் உயரவில்லை. இந்த இடத்தில் உண்மையாகவே பல மடங்கு வேகம் காட்டியது இன்டெலின் ஆப்டேன். அது ஃபிளாஷே அல்ல, வேறு வகை நினைவகம். 2022இல் இன்டெல் அந்தத் தொழிலையே மூட்டை கட்டுவதாக அறிவித்துவிட்டது. நல்ல சரக்கு விலை போகாமல் போனதில் எனக்கு இன்றும் வருத்தம் உண்டு.

இனி என் வேலை. முந்நூறு பக்க அடைவைத் திறந்து சிறுபடங்கள் தோன்றும் வரை பார்த்தால், ஹார்டு டிஸ்க்கில் ஒரு நிமிடம் போல. சாட்டாவில் அதில் மூன்றில் ஒரு பங்கு. என்விஎம்இயில் இன்னும் கொஞ்சம் குறைவு. அதற்குமேல் செயலிதான் மூச்சு வாங்குகிறது. புத்தக அடைவை அதே டிரைவுக்குள் நகலெடுப்பதில் வித்தியாசம் கண்ணுக்குத் தெரிந்தது: சாட்டாவில் அரை நிமிடத்துக்கு அருகில் ஓடியது, இங்கே பத்து நொடிக்குள் முடிந்தது. எழுத்துணரியில் அசையவே இல்லை. காரணத்தைக் காகிதத்திலேயே கணக்குப் போட்டுவிடலாம். 26 எம்பிப் பக்கம் ஒன்றைப் படிக்க சாட்டாவுக்கு 0.05 நொடி, என்விஎம்இக்கு இரண்டாவது ஸ்லாட்டில்கூட 0.016 நொடி. டெசராக்ட் அந்தப் பக்கத்தில் தமிழ் எழுத்துகளைத் தேடி முடிக்க ஏழு நொடி எடுக்கிறது. முந்நூறு பக்கத்துக்கும் சேர்த்து மிச்சமாவது பத்து நொடி. மொத்த வேலையோ அரை மணி நேரத்துக்கு மேல். கடைக்கு நாலுவழிச் சாலை போட்டாலும் அடுப்பில் சோறு வேக ஆகும் நேரம் ஆகத்தான் செய்யும்.

எனவே கிராஃபிக்ஸ் அட்டை தன் இடத்துக்கே திரும்பியது, டிரைவ் இரண்டாவது ஸ்லாட்டிலேயே தங்கியது. 3,400க்கும் 1,600க்கும் நடுவே என் நாளில் ஒரு வித்தியாசமும் இல்லை.

எழுதும் வேகத்தில் வேறொரு சங்கதி உண்டு. டிஎல்சி டிரைவ்கள் செல்களில் ஒரு பகுதியை ஒற்றைப் பிட் முறையில் வைத்து அதில் முதலில் விறுவிறுவென்று எழுதும். ஓய்வு கிடைக்கும்போது அதை மூன்று பிட் முறைக்கு மாற்றிக்கொள்ளும். அந்தத் தற்காலிக இடம் நிரம்பும் வரைதான் பெட்டியில் உள்ள எண். பல நூல்களின் அடைவுகளை ஒரே மூச்சில் எழுதவிட்டபோது நன்றாக ஓடிக்கொண்டிருந்த வரைபடம் ஓரிடத்தில் படிக்கட்டில் இறங்குவது போல இறங்கி, சில நூறு எம்பியில் நின்றது. இது டிஎல்சி. ஒரு செல்லில் நான்கு பிட் அடைக்கும் கியூஎல்சி இன்னும் மோசம். சாம்சங்கின் 860 கியூவிஓ 1 டிபி மாதிரியில் தற்காலிக இடம் தீர்ந்தபின் வேகம் 80 எம்பி என்று அந்த நிறுவனமே விவரத்தாளில் சொல்லியிருந்தது. என் ஹார்டு டிஸ்க் அதைவிட வேகமாக எழுதும். வாங்கும்போது பெட்டியின் முகப்பை விட்டுவிட்டு இந்த ஒரு விவரத்தைத் தேடிப் பார்ப்பேன்.

ஆயுளைப் பற்றி அதிகம் கவலைப்படவில்லை. இந்த அளவு டிஎல்சி டிரைவுக்கு வழக்கமாகத் தரும் உத்தரவாதம் 600 டெராபைட் எழுத்து. நாளுக்கு ஒரு நூல், 15 ஜிபி என்று வைத்தாலும் நூறாண்டுக்கு மேல் வரும். அதற்குள் வேறு ஏதாவது கெட்டுப்போகும். வெப்பம்தான் கவனிக்கவேண்டியது. மே மாதத்துச் சென்னையில் மின்விசிறி மட்டும் ஓடும் அறையில், நீண்ட நகலெடுப்பின்போது டிரைவ் 60 பாகையைத் தாண்டியது. அலுமினியத் தகடு இல்லாமல் சோதித்தபோது எழுபதைத் தொட்டு, தானே வேகத்தைக் குறைத்துக்கொண்டது. கணினிப் பெட்டியின் முன்புற விசிறியில் அடைந்திருந்த தூசியைத் தட்டியபின் சில பாகைகள் இறங்கின.

எழுத்துணரியை வேகப்படுத்திய மாற்றம் டிரைவுக்குச் சம்பந்தமில்லாதது. டெசராக்ட் ஒரு பக்கத்துக்கே நான்கு இழைகளைக் (ஒரே நேரத்தில் ஓடும் துணைவேலைகளை) கிளப்பி, அவை ஒன்றையொன்று எதிர்பார்த்து நேரத்தை வீணடிக்கின்றன. ஓஎம்பி இழை வரம்பு என்ற சூழல் மாறியை 1 என்று வைத்து, பேரலல் கருவி மூலம் நான்கு பக்கங்களை ஒரே சமயத்தில் ஓடவிட்டேன். கருவுக்கு ஒரு பக்கம். அரை மணிக்கு மேல் எடுத்த புத்தகம் இப்போது கால் மணிக்குள் முடிகிறது. இந்த நான்கும் சேர்ந்து டிரைவிடம் கேட்பது நொடிக்கு இருபது எம்பிகூட வராது. வேலை முடிந்த நூல்களை இப்போது ஹார்டு டிஸ்க்குக்கே நகர்த்திவிடுகிறேன். அங்கிருந்து இன்னொரு நகல், கணினிக்கு வெளியே இருக்கும் வட்டுக்குப் போகிறது.